உள் ஜிப்பில் ஒரு விலகல் படிவம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சூட்கேஸுக்குள் கிடைத்தது. ராப்பகலாக யோசித்து எழுதினேன் என்று வேறு யாரிடமாவது பீற்றிக்கொள்ளலாம், உங்களிடம் வேண்டாம்.

ஒரு வியாழக்கிழமை காலை. வேலையாகப் போன ஊரில், விடுதிக் கட்டிலின் மேல் சூட்கேஸைத் திறந்து சட்டையை எடுத்தேன். சீப்பைக் காணோம். மூடியின் உட்பக்கம் ஒரு ஜிப் இருக்குமே, அதைத் திறந்து கையை விட்டேன். கையில் சிக்கியது ஒரு கத்தரிக்கோல், பாதி தீர்ந்த நூல்கண்டு, நான்காக மடித்த ஒரு தாள். மூன்றும் என்னுடையவை அல்ல.

தாளைப் பிரித்தேன். ஒரு சமுதாயக் கல்லூரியின் படிவம். 'சிறுதொழில் முனைவோர் சான்றிதழ்ப் படிப்பு, ஆறு மாதம், சனிக்கிழமை மதியம் இரண்டு முதல் ஐந்து வரை. விலகல் படிவம்.' பெயர் எழுதியிருந்தது, கையெழுத்தும் இருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: மூன்றாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தால் கட்டணம் முழுதும் கையோடு திரும்பக் கிடைக்கும், ஐந்துக்குப் பிறகு ஒரு காசும் கிடைக்காது. கடைசித் தேதியைப் பார்த்தேன். நாளை மறுநாள்.

'விலகுவதற்கான காரணம்' என்ற கட்டத்தில் இரண்டே இரண்டு சொல்: 'எனக்கு இந்த'. அதோடு பேனா நின்றுவிட்டிருந்தது.

நல்ல மனிதர் யாராக இருந்தாலும் உடனே போனை எடுத்திருப்பார். நான் நோட்டை எடுத்தேன். [இந்த வரியை அடித்துவிடலாமா என்று மூன்று தடவை யோசித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.]

2

முதல் தொடக்கம், கைவிட்டது:

'பெட்டிகள் உலகம் சுற்றுகின்றன. அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளோ —'

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் மூன்றாவது வரியில் நானே கொட்டாவி விடுவேன்.

இரண்டாம் தொடக்கம், இதுவும் கைவிட்டது:

'கண்கள் கலங்க அந்தப் பெண் படிவத்தில் கையெழுத்திட்டபோது —'

அந்தப் பெண்ணை நான் புதன்கிழமைதான் பார்த்தேன். என் சூட்கேஸின் சக்கரத்தை மாற்றியவள் அவள்தான். என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க." கண் கலங்கிக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. அப்படி எழுதினால் அவள் கத்தரிக்கோலே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

ஆகவே அவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

3

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில், தரைத்தளத்துக் கடைசிக் கடை. பை, பெட்டி பழுது பார்க்கப்படும். வாசலில் உடைந்த சக்கரங்கள் ஒரு வாளி நிறைய. முன்னால் மேசை போட்டு முதலாளி உட்கார்ந்திருப்பார். பின்னால், ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் அவள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. கட்டடம் முழுக்க அவளை 'ஜிப்பக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளை விட இருபது வயது மூத்த வாட்ச்மேன்கூட அப்படித்தான். படிவத்தில் இருந்த சொந்தப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, நான் திருட்டுத்தனமாகப் படித்தது.

அந்த பெஞ்சுக்கு இழுப்பறை கிடையாது. பதினொரு வருடமாகக் கேட்டுப் பார்த்தாயிற்று, முதலாளி 'செஞ்சிடலாம்' என்று பதினொரு வருடமாகச் சொல்கிறார். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். எந்தப் பெட்டி அப்போது பெஞ்சில் திறந்து கிடக்கிறதோ, அதன் உள் ஜிப்தான் அன்றைய இழுப்பறை. ஊசி, நூல், சுண்ணக்கட்டி, கண்ணாடிக் கூடு எல்லாம் அதற்குள் போகும். வேலை முடிந்ததும் உள்ளே கையை விட்டு மூலை முதல் மூலை வரை ஒரு துழாவு துழாவி, எல்லாவற்றையும் அடுத்த பெட்டிக்கு மாற்றிவிடுவாள். பதினொரு வருடத்தில் ஒரு ஊசிகூட வெளியே போனதில்லை.

புதன்கிழமை மட்டும் துழாவவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது, ரயிலுக்கு நேரமாகிறது என்று ஒரு ஆள் அவள் தலைக்கு மேல் நின்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆள் நான்தான்.

[அவசரத்தில் மறந்தாளா, அல்லது அந்தக் கை வேண்டுமென்றே மறந்ததா? இந்தக் கேள்வியைக் கதை முழுக்கச் சுமந்துகொண்டு போகலாம் என்று திட்டமிட்டிருந்தேன். ஆனால் கைக்கு இருக்கும் எண்ணத்தைப் பற்றி எழுதினால் இது வேறு மாதிரிக் கதையாகிவிடும். இங்கேயே இறக்கி வைக்கிறேன்.]

4

கட்டணம் அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். ஒரே தவணையில் கட்டியிருந்தாள். இரண்டு வாரம் போனாள். பிறகு ஏன் விலகத் தோன்றியது?

இரண்டு விஷயம் சேர்ந்துகொண்டன.

ஒன்று, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் குட்டிக் கடை திடீரெனக் காலியாயிற்று. ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டூல், மேலே பலகையில் பத்துப் பெட்டி வைக்கலாம். அவளுக்கு அது அரண்மனை. கட்டடக்காரர் சனிக்கிழமை மாலைக்குள் முன்பணம் கேட்டார். தொகை ஏறக்குறைய படிப்புக் கட்டணம் அளவுக்கு இருந்தது. கையில் வேறு பணம் இல்லை. படிப்பை விட்டால் கடை, கடையை விட்டால் படிப்பு. சொந்தமாகக் கடை போடத்தானே படிப்பு? கடையே வாசலில் வந்து நிற்கும்போது படிப்பு எதற்கு?

இரண்டாவது விஷயம் அவமானம். முதல் வாரம், ஆசிரியை எல்லோரையும் தங்கள் தொழிலில் ஒரு வேலையை எடுத்து, எதற்கு எத்தனை நிமிடம் என்று எழுதி வரச் சொன்னார். இரண்டாவது வாரம் மற்றவர்கள் மடிக்கணினியில் கட்டம் கட்டமாகப் போட்டு வந்தார்கள். ஜிப்பக்கா ஒரு பழைய பில்லின் முதுகில் எழுதி எடுத்துப் போனாள். 'பார்க்க இருபது நிமிடம். சக்கரம் மாட்டப் பத்து நிமிடம்.'

ஆசிரியை அதை வாசித்துவிட்டுக் கேட்டார்.

"எதுக்குக் காசு வாங்குறீங்க?"

"சக்கரம் மாட்டுறதுக்கு."

"அந்த இருபது நிமிஷம்?"

"அது சும்மா பாக்குறது தானே மேடம்."

"சும்மாவா? என்ன பாப்பீங்க?"

"எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு, அச்சு வளைஞ்சிருக்கா, ரிவிட் பிடிக்குமா… சில பெட்டிக்குச் சக்கரமே காரணமா இருக்காது, கைப்பிடி ஒரு பக்கமா இழுக்கும்."

"பாத்துட்டு, சரி பண்ண முடியாதுன்னு சொன்னா?"

"எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"காசு?"

"பாத்ததுக்கு யாராவது காசு கேப்பாங்களா?"

"டாக்டர் கேக்குறாரே."

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஜிப்பக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருடமாக ஏமாந்த சோணகிரியாக இருந்திருக்கிறாய் என்று நாலு பேர் முன்னால் போட்டு உடைத்த மாதிரி இருந்தது. அன்று இடைவேளையிலேயே விலகல் படிவம் வாங்கிக்கொண்டாள்.

5

கணவனைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு சங்கடம் வந்தது.

முதல் வரைவில் அவனைக் கெட்டவனாக்கினேன். பாடப் புத்தகத்தைக் கிழித்தான். 'பொம்பளைக்கு எதுக்கு' என்று ஆரம்பித்து ஒரு வசனம் —

இல்லை. படிவத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். அவனைக் குற்றம் சாட்ட அதில் ஒரு தடயமும் இல்லை. கதை வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக முகம் தெரியாத ஒருவன்மேல் புத்தகம் கிழித்த பழியைப் போடுவது நியாயமில்லை. இரண்டாம் வரைவில் அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான், காலையில் இருவருக்கும் அவனே டீ போடுகிறான். கொஞ்சம் வாய்த்துடுக்கு மட்டும் உண்டு.

"அந்த மேடம் முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தாங்களாம்?"

"பேக்கரி வெச்சிருந்தாங்களாம்."

"இப்போ?"

"மூணு வருஷத்துல மூடிட்டாங்களாம்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "கடையை மூடினவங்க கிட்டப் போயா கடை தொறக்கப் படிக்கிற?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"தொறந்தவங்க எல்லாரும் தொறந்த கதையைத்தாங்க சொல்றாங்க. எப்படி மூடுச்சுன்னு இவங்க ஒருத்தங்க தான் சொல்றாங்க."

"அப்போ படி."

"கடை போயிடுமே."

"அப்போ கடையை எடு."

"எதாவது ஒண்ணு சொல்லுங்களேன்."

"நான் எதைச் சொன்னாலும் நாளைக்கு உங்களால தான் கெட்டுச்சுன்னு சொல்லுவ. நானாவது தப்பிச்சுக்கிறேன்."

நல்ல மனிதன்தான். ஆனால் உபயோகமில்லை. அவள் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு, காரணத்தைக் கடையில் போய் யோசிக்கலாம் என்று எடுத்துப் போனாள். அது புதன்கிழமை காலை.

6

இனி என் பங்கு.

வியாழன் மதியம்தான் எனக்கு உறைத்தது. ஒருத்தியின் இரண்டு மாதச் சம்பளம் என் தலையணைக்கு அடியில் கிடக்கிறது, நான் அதை வைத்து மூன்று பக்கம் எழுதிவிட்டேன். கடை பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். முதலாளி எடுத்தார்.

"பின்னாடி வேலை செய்றாங்களே, அவங்க கிட்டக் கொஞ்சம் குடுக்க முடியுமா?"

"கை வேலையா இருக்கா. என்கிட்ட சொல்லுங்க."

இவரிடம் எப்படிச் சொல்வது? சொந்தத் தொழில் தொடங்குவதற்கான படிப்பிலிருந்து விலகும் படிவம். அப்படி ஒரு படிப்புக்கு அவள் போவதே இவருக்குத் தெரியுமோ என்னவோ. [தெரியாது. சனிக்கிழமை மதியம் வீட்டில் வேலை என்று சொல்லியிருந்தாள். பிறகு தெரிந்துகொண்டேன்.] வாயை விட்டால் அவள் வேலைக்கே வேட்டு வைத்தது போலாகும்.

"ஒண்ணும் இல்ல. நேத்து சக்கரம் மாத்தினேன். நல்லா ஓடுது. அதைச் சொல்லலாம்னு…"

"சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எவ்வளவு அசட்டுத்தனமான போன் என்று நொந்துகொண்டேன். ஆனால் கடையில் நடந்தது இது.

முதலாளி பின்னால் திரும்பிச் சொன்னார். "யாரோ போன் பண்ணி, சக்கரம் நல்லா ஓடுதுன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. கடை தொறந்த நாள்லேருந்து ஒருத்தன் இப்படிச் சொன்னதில்ல. ஓடலேன்னா தான் கூப்பிடுவானுங்க."

ஜிப்பக்கா காலையிலிருந்து கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள். படிவத்தையும் தேடினாள், யாருக்கும் தெரியாமல். முதலாளி சொன்னதும் அவள் கை அப்படியே நின்றது. நல்லா ஓடுது என்று சொல்வதற்கு எவனும் போன் செய்ய மாட்டான். கத்தரிக்கோல் போன இடம், படிவம் போன இடம், எல்லாம் நொடியில் புரிந்துவிட்டது. ரயிலேறிப் போயிருக்கிறது.

பகீர் என்று இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. காலைக் கடித்த செருப்பைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. இது பிறகு அவளே என்னிடம் சொன்ன சொல். அது ஏன் அப்படி இருந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. கடன் வாங்கிய கத்தரிக்கோலால் ஒரு பையின் வாரை வெட்டிக்கொண்டே அதை யோசித்தாள்.

7

சனிக்கிழமைக்கு வந்துவிட்டோம். இந்த இடத்தில் எனக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன.

(அ) அவள் புதுப் படிவம் கொடுத்துப் பணத்தை வாங்கிப் படிக்கட்டுக் கடையை எடுக்கிறாள். கடை ஓகோவென்று ஓடுகிறது. படிப்பெல்லாம் வெறும் தாள்தான் என்று நிரூபணமாகிறது. படிப்பை நம்பாத என் மைத்துனர் இதைப் படித்துவிட்டுக் கைதட்டுவார்.

(ஆ) கடையை எடுக்கிறாள், ஆறு மாதத்தில் மூடுகிறாள். படித்திருக்கலாமே என்று வருந்துகிறாள். கல்லூரிக்காரர்கள் இதை அச்சடித்து வாசலில் —

(இ) நான் ரயிலேறி மூச்சிரைக்க ஓடிவந்து நாலு ஐம்பத்தெட்டுக்குப் படிவத்தை நீட்டுகிறேன்.

(இ) எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, காரணம் அதில் நான் இருக்கிறேன். ஆனால் நான் அன்று வெளியூரில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நாலு மணி இடைவேளையில் அவள் அலுவலகச் சன்னலுக்குப் போனாள். படிவம் தொலைந்தால் என்ன, அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். குமாஸ்தா ஒன்றை உருவி நீட்டினார்.

"காரணம் எழுதியே ஆகணுமா?"

"எழுதணும்மா. அது காலியா இருந்தா கம்ப்யூட்டர் வாங்காது. எதையாவது எழுதுங்க, யாரும் படிக்க மாட்டாங்க."

எதையாவது எழுதலாம். உடம்பு சரியில்லை என்று எழுதலாம். அவள் 'எனக்கு இந்த' என்று எழுதினாள். மறுபடியும் அதே இரண்டு சொல், மறுபடியும் அதே இடத்தில் பேனா நின்றது. எனக்கு இந்தப் படிப்பு தேவையில்லை என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். கை ஓடவில்லை. அப்போது போன் அடித்தது. கட்டடக்காரர்.

"அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க. செல்போன் கவர் விக்கிறவர் ஒருத்தர் பணத்தோட நிக்கிறார்."

"சொல்றேன்."

படிவத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினாள். கடைசி வரிசை. சுவரில் கடிகாரம். ஆசிரியை பேக்கரியின் மூன்றாவது வருடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலே முக்காலுக்கு ஜிப்பக்கா கையைத் தூக்கினாள். இரண்டு வாரமாகத் தூக்காத கை.

"மேடம், கூட்டம் நல்லா வந்துச்சுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் மூடினீங்க?"

ஆசிரியை கையிலிருந்த சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தார்.

"வந்தவங்க எல்லாரும் தெரிஞ்சவங்க ஆயிட்டாங்க. விலையை ஏத்திச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. மாவு விலை ஏறினப்பவும் சொல்லல, வாடகை ஏறினப்பவும் சொல்லல. சிரிச்சுக்கிட்டே மூடினேன். அந்தக் கூச்சம் இருக்கே, அதுக்கு நான் குடுத்த விலையைத்தான் இப்போ உங்களுக்குப் பாடமா நடத்துறேன்."

ஜிப்பக்காவுக்கு, போன வாரம் தன்னைக் கேள்வி கேட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தம்மா அவளை மட்டம் தட்டவில்லை. தான் விழுந்த குழியைக் காட்டியிருக்கிறார். இந்தக் கூச்சத்தோடு படிக்கட்டுக் கடைக்குப் போனால், இருபது நிமிடத்தை அங்கேயும் சும்மாதான் கொடுப்பாள். முதலாளிக்குப் பதில் அவளே நட்டப்படுவாள், அதுதான் வித்தியாசம்.

கடிகாரத்தில் ஐந்தாக நாலு நிமிடம். எழுந்து ஓடினால் இன்னும் கொடுத்துவிடலாம். மூன்று நிமிடம். இரண்டு மாதச் சம்பளம். பத்துப் பெட்டி வைக்கும் பலகை. அவள் எழவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் அலுவலகச் சன்னலின் இரும்புக் கதவு கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது.

பெரிதாக மூச்சு விட்டாள். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அவ்வளவு நிம்மதி அவளுக்கு, வேறு சொல் தேட வேண்டியதில்லை. கையிலிருந்த படிவத்தைத் திருப்பி, முதுகில், அன்றைய பாடத்தைக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கட்டடக்காரருக்கு 'வேண்டாம்' என்று ஒரு குறுஞ்செய்தி. கணவனுக்கு 'போச்சு' என்று ஒன்று. 'எது போச்சு?' என்று அவன் பதில் அனுப்பினான். 'கவலை' என்று அனுப்பினாள்.

8

நான்கு மாதம் கழித்து, கைப்பிடி சிக்கிக்கொண்ட அதே சூட்கேஸோடு அந்தக் கடைக்குப் போனேன். பையில் கத்தரிக்கோலும் நூலும் படிவமும். [நான்கு மாதம் எதற்கு என்று கேட்காதீர்கள். கதை முடியட்டும் என்று வைத்திருந்தேன். அதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.]

பெஞ்சுக்கு மேலே புதிதாக ஒரு அட்டை தொங்கியது: 'பார்த்துச் சொல்லத் தனிக் கட்டணம்.' முதலாளியிடம் கேட்டேன்.

"அவ போட்ட சட்டம்" என்றார். "படிக்கிறேன்னு ஒரு நாள் அவளே வந்து சொன்னா. பாக்குற காசு எனக்கு, மாட்டுற காசு உங்களுக்கு, இல்லேன்னா நான் கிளம்புறேன்னா. போய்த் தொலைன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அவ போனா யார் பாக்குறது?" அவர் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் பழகிப்போன கோபம். பெஞ்சுக்கு ஒரு இழுப்பறைகூட வந்திருந்தது.

பார்ப்பதற்கான பணத்தைக் கொடுத்தேன். அவள் பார்த்தாள். முதல் தடவை ரயிலுக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்ததால் நான் இதைக் கவனித்ததே இல்லை. கைப்பிடியை இழுத்து, விட்டு, காதை வைத்துக் கேட்டு, பெட்டியைக் கவிழ்த்து, விரலால் தையல் வரியோடு வரியாகத் தடவி. முழுதாக இருபது நிமிடம். கொடுத்த காசு குறைவு என்று தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

கத்தரிக்கோலை நீட்டினேன். "வந்துட்டியா" என்றாள், என்னிடம் அல்ல, அதனிடம். படிவத்தை நீட்டியதும் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள். நான் கேட்டேன்.

"'எனக்கு இந்த'ன்னு நிறுத்திட்டீங்களே. அப்புறம் என்ன எழுத நினைச்சீங்க?"

"அது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே எழுதிக் குடுத்திருப்பேனே."

அடுத்த மாதம் தேர்வு. சான்றிதழ் சுவரில் சட்டம் போட்டு மாட்டுவதற்கா, சோறு போடுவதற்கா என்று கணவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். செல்போன் கவர்காரர் படிக்கட்டுக் கடையைக் காலி செய்யப் போகிறாராம், கட்டடக்காரர் மறுபடி இவளிடம் வந்து நிற்கிறாராம்.

"எடுப்பீங்களா?"

ஜிப்பக்கா என் சூட்கேஸின் உள் ஜிப்பில் கையை விட்டு, மூலை முதல் மூலை வரை துழாவி, ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மூடினாள்.

"பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

அவள் பார்த்தால் எப்படிப் பார்ப்பாள் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால் நான் அவசரப்படுத்தவில்லை. படிவத்தை அவள் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டாள், இனி அவளுக்கு அது தேவையில்லையாம். எனக்கும் தேவையில்லை. உங்களிடம் தருகிறேன். காரணம் எழுதும் கட்டத்தில், அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு நிறைய இடம் இருக்கிறது. எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். பேனா நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், ஐந்து மணி எப்போதோ ஆகிவிட்டது.